பிள்ளைக்கு மேற்படிப்புக்கு வழி சொல்லப் போகிறீர்களா? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்

உங்கள் தெருவில் யாராவது ஒரு பிள்ளை இந்த வருடம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துக்கொண்டிருக்கும். நீங்கள் காலேஜ் முடித்தவர் என்பது தெருவுக்கே தெரியும். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நிற்பார். "தம்பி, இவளை என்ன படிக்க வைக்கலாம், நீதான் சொல்லணும்" என்பார். நாமும் நின்ற வாக்கிலேயே "கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கக்கா, நல்ல வேலை கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அந்த ஒரு பேச்சை நம்பி அந்த வீடு நான்கு வருடம் வட்டி கட்டும்.

அருப்புக்கோட்டை பக்கம் எங்கள் ஊரில் ஏழெட்டு வருடமாக மே, ஜூன் மாதங்களில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வருகிறேன். இதில் இறங்கியதற்குக் காரணம் எனக்கு நடந்ததுதான். பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன், வேளாண்மை படிக்க ஆசை. கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அப்படி ஒரு தேதி இருந்ததே தெரிந்தது. பிறகு வீடு தேடி வந்த ஓர் ஏஜென்ட் கைகாட்டிய கல்லூரியில், அவர் கைகாட்டிய பிரிவில், அப்பா மாட்டை விற்றுக் கொடுத்த பணத்தைக் கட்டிச் சேர்ந்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்கு அறிவுரை சொன்னவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். கூட உட்கார்ந்து ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் இதைப் படிக்கும் அண்ணன், அக்கா, மாமா, டீச்சர் எல்லோரிடமும் கேட்பது இதுதான். வழிகாட்டுவது என்றால் ஒரு பிள்ளைக்கு நான்கைந்து மாதம் கூடவே இருப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகள் வேண்டாம், ஒரு பிள்ளை போதும். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் பேச்சு

"என்ன ஆகணும்னு ஆசை?" என்று ஆரம்பிக்காதீர்கள். கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிந்த வேலைகள் டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ், கலெக்டர், அவ்வளவுதான். தெரிந்த ஐந்தில் ஒன்றைச் சொல்லும், அதை ஆசை என்று நாம் எழுதிக்கொள்வோம். அதற்குப் பதிலாக எந்தப் பாடவேளை சீக்கிரம் முடிந்துபோவதுபோல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய், எந்தப் பாடத்தை நண்பர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பையன் எனக்குச் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "எங்க தெருவுல யார் வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் என்கிட்டதாண்ணே வரும்." அவன் கணக்கில் 41 மதிப்பெண். அவனை எல்லோரும் மக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அப்பாவின் ஆசைதான் பிள்ளையின் வாயிலிருந்து வரும். அப்புறம் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள், இது இன்னும் முக்கியம். ஜூன் மாதம் கையில் எவ்வளவு பணம் இருக்கும், பெண்ணை விடுதியில் விடுவீர்களா, தினமும் எவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப முடியும், வீட்டில் கடைசி முடிவு யாருடையது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ இல்லை, தாய்மாமாவோ பெரியப்பாவோ தான். அவரை முன்கூட்டியே பார்த்துப் பேசாமல் நாம் போட்ட திட்டம் எல்லாம் சேர்க்கைக்கு முந்தின நாள் ராத்திரி ஒரே போன் காலில் கலைந்துபோவதை நான் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அப்புறம் வேலைகளைக் கண்ணால் பார்க்க வையுங்கள். நான் வழக்கமாகச் செய்வது, பிள்ளையை அழைத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், இங்கே டாக்டர் தவிர வேறு யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணி எழுதச் சொல்வது. நர்ஸ், மருந்தாளுநர், ரத்தப் பரிசோதனை செய்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் பிரிவில் இருப்பவர், கண் பரிசோதகர், பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு மணி நேரத்தில் பத்துக்கு மேல் வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் என்ன படிக்க வேண்டும் என்று சேர்ந்து தேடலாம். நீட் இல்லையென்றால் மருத்துவத் துறையே இல்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு இது பெரிய திறப்பு. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்ற படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடந்து வருகிறது. அந்தந்த வருட அறிவிப்பை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறுவதுண்டு. இதேபோல் நீதிமன்றம், தாலுகா அலுவலகம், ஒரு நூற்பாலை என்று எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே கூட்டிப் போகலாம்.

பத்தாவது முடித்தவர்களுக்கு: எந்தக் கதவு மூடுகிறது என்று பாருங்கள்

குரூப் எடுப்பதில் எல்லோரும் "இதை எடுத்தால் என்ன ஆகலாம்" என்றே பேசுகிறார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டு, இதை எடுத்தால் எதற்கெல்லாம் போக முடியாது என்று பிள்ளையின் கையாலேயே எழுத வைப்பேன்.

கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்கும் முதல் குரூப்பில் ஏறக்குறைய எதுவும் மூடாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், வேளாண்மை, கலை அறிவியல், சட்டம் எல்லாம் திறந்தே இருக்கும். ஆனால் சுமை அதிகம். பத்தாவதில் கணக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளையை இதில் தள்ளினால் பதினொன்றாவது பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன் என்று நிற்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தால் மருத்துவம் சார்ந்த பக்கம் மூடும். கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்தால் பொறியியல் பக்கம் மூடும்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கை ஊர் ஊராக இருக்கிறது. இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டுமென்றால் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது. கிடையவே கிடையாது. பொறியியல் கட் ஆஃப் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றை மட்டும்தான் பார்க்கிறது. முதல் குரூப் எடுத்த பிள்ளையும் தாராளமாகக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போகலாம். இது தெரியாமல், உயிரியல் நன்றாக வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் குரூப்புக்குப் போய்விடுகிறார்கள்.

காமர்ஸ் குரூப்பை இரண்டாம்தரமாகப் பேசுவதை நிறுத்துங்கள். பி.காம்., பி.பி.ஏ. போகலாம், பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம், பல கல்லூரிகளில் பி.சி.ஏ.வும் கிடைக்கும். ஐந்து வருட ஒருங்கிணைந்த சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் சரி. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, செலவும் குறைவு. வரலாறு எடுத்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அண்ணா நிஜமாவா என்று கேட்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்புக்கும் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டியதில்லை. பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ எந்தக் குரூப்பில் தேறியிருந்தாலும் அவர்களே நான்கு வாரம் பாடம் சொல்லிக் கொடுத்து வைக்கும் தகுதித் தேர்வை எழுதி உள்ளே போகலாம்.

இனி ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும். மிக்ஸி ரிப்பேர் பார்த்த பையனைச் சொன்னேன் அல்லவா, அவனைப் பதினொன்றாவதில் சேர்ப்பதற்கு வீட்டில் ஒரே பிடிவாதம். அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், ஃபிட்டர் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் அதற்கு மேல், பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புது இயந்திரங்களோடு தொழில் 4.0 மையங்கள் போட்டிருக்கிறார்கள், நாம் இருபது வருடத்துக்கு முன் பார்த்த ஐ.டி.ஐ.யை மனதில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. முடித்தபின் சென்னை ஐ.சி.எஃப்., நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல் போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் எடுப்பார்கள்.

பெற்றோருக்கு இதில் இருக்கும் பயம் ஒன்றே ஒன்று, பிள்ளை பட்டம் வாங்காமல் போய்விடுமே என்பது. அதற்கு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டுங்கள். பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். பிளஸ் டூ முடித்தவரும் உரிய பாடங்கள் இருந்தால் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் சேரலாம். வண்டி வேறு ரூட்டில் போகிறது, ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று அந்தப் பையனின் அப்பாவிடம் சொன்னேன். அவர் லாரி ஓட்டுபவர், உடனே பிடித்துக்கொண்டார்.

ஒன்று மறந்துவிடாமல் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு ரயில் ஓட்ட ஆசை, கப்பல் வேலை ஆசை என்றால் படிப்பில் சேரும் முன்பே கண் டாக்டரிடம் காட்டி நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டிலும் பார்வைத் தகுதி மிகக் கடுமை. ஐந்து நிமிடப் பரிசோதனை. படித்து, தேர்வு எழுதி, தேறி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவது ரொம்பக் கொடுமை.

சான்றிதழ் வேலையை ஜனவரியிலேயே முடியுங்கள்

எனக்கு அனுபவத்தில் தெரிந்தவரை, பிள்ளைகள் இடத்தைத் தவறவிடுவது மதிப்பெண்ணால் இல்லை, பெரும்பாலும் காகிதத்தால்தான். மே மாதம் மொத்தத் தமிழ்நாடும் இ-சேவை மையத்தில் நிற்கும், வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் ஒரே சமயத்தில் ஆயிரம் விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பொங்கல் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை பிள்ளையின் வீட்டுக்குப் போய் எல்லாத் தாள்களையும் பாயில் பரப்பி வையுங்கள்.

ஆதாரில், பள்ளிப் பதிவில், சாதிச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில் முருகன், இன்னொன்றில் முருகேசன் என்று இருக்கும். பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன் பள்ளியிலேயே திருத்திவிட்டால் எளிது, அச்சான பிறகு அலைச்சல்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இவற்றோடு, வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் போட்டுவிடுங்கள், பொறியியல் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு அதனால் படிப்புக் கட்டணத்தில் பெரிய சலுகை. பி.சி., எம்.பி.சி. பிள்ளை மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறது என்றால் நம் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. ஓ.பி.சி. சான்றிதழ் தனி, அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும், அதனால் இதை மட்டும் ஜனவரியில் வாங்காமல் விண்ணப்பிக்கும் நிதியாண்டில் வாங்குங்கள். இந்த ஒன்றில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, அதோடு ஆதார் இணைப்பு. அப்புறம் போன் நம்பர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எல்லா விண்ணப்பமும் ஓ.டி.பி.யில்தான் ஓடுகிறது. பிரவுசிங் சென்டர்காரர் தன் நம்பரையே போட்டு விண்ணப்பம் அனுப்பிவிடுவார், பிறகு ஒதுக்கீடு வந்த செய்தி அவருக்குப் போகும், நமக்கு வராது. வீட்டில் நிலையாக இருக்கும் ஒரு நம்பர், புதிதாக ஒரு இமெயில், பாஸ்வேர்டு. மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன உரிமை என்று சொல்லிக் கொடுங்கள்

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. எங்கள் ஊரில் ஒரு பெண் 7.5-ல் இடம் கிடைத்தும் "தனியார் கல்லூரியாச்சே, பணம் கேப்பாங்களே" என்று போகாமல் இருந்துவிடப் பார்த்தாள். போய்ச் சேர்த்துவிட்டு வந்தோம்.

அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த 7.5 கிடையாது, ஆனால் அங்கே தமிழ்வழியில் படித்திருந்தால் மாதம் 1000 ரூபாய் உண்டு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை, கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகத்தான் பதிவாகும், முதல் மாதத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். பள்ளியில் நான் முதல்வன், கல்லூரிக் கனவு என்று மேற்படிப்புக்கு வழிகாட்டும் அரசு நிகழ்ச்சி நடத்தினால் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். ஆனால் அந்த ஒரு நாளோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மண்டபத்தில் கேட்டதை வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பமாக மாற்ற ஓர் ஆள் வேண்டும்.

பன்னிரண்டாவது: விண்ணப்பமும் சாய்ஸும்

ஒரே இடத்துக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க விடாதீர்கள். பொறியியல் போகும் பிள்ளையும் அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கட்டும், கட்டணம் மிகக் குறைவு, ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகள் கொடுக்கலாம். மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி, சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட், தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரி என்று தனித்தனியாக விசாரித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே இவை தெரியாது.

பொறியியல் கட் ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 என்றால் 80, 35, 38, ஆக மொத்தம் 153. இதை வைத்துக்கொண்டு பொறியியல் கலந்தாய்வுக்கான டி.என்.இ.ஏ. இணையதளத்தில் போன வருடம் உங்கள் பிள்ளையின் சாதிப் பிரிவில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு எந்த கட் ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். அக்கம்பக்கம் யாரையும் கேட்க வேண்டாம், எல்லாம் அங்கேயே இருக்கிறது.

இனிமேல்தான் கவனம் வேண்டிய இடம். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகச் சாய்ஸ் கொடுக்கும்போது "நமக்குக் கிடைக்கிறதை முதலில் போடுவோம், கிடைக்காததைப் போட்டு ஏன் வீணாக்கணும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் ரேங்க் வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. மேலே பத்து கிடைக்காத கல்லூரிகளைப் போட்டதால் பதினோராவது பறிபோகாது. ஆனால் கிடைக்கக்கூடிய சாதாரணக் கல்லூரியை முதலில் போட்டுவிட்டு ஆசைப்பட்டதை இரண்டாவதாகப் போட்டால், ஆசைப்பட்டது காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது, முதலாவதே விழுந்துவிடும். அதனால் பட்டியல் ஆசை வரிசையில் மட்டும்தான் இருக்க வேண்டும். எண்ணிக்கைக்கும் கஞ்சத்தனம் வேண்டாம், ஐம்பது அறுபது போடலாம். ஒரு நோட்டில் கல்லூரி எண், பிரிவு எண் எழுதி, இரண்டு நாள் மாற்றி மாற்றி அடுக்கி, பிள்ளை தானே ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் இதுக்கு மேல" என்று பதில் சொல்ல முடிந்த பிறகு கணினியில் ஏற்றுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததை ஏற்றுச் சேர்கிறேன் என்றோ, ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் என் பட்டியலில் இதற்கு மேல் உள்ளது காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்றோ, இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் வேண்டும் என்றோ சொல்லலாம், அடுத்த சுற்றுக்கும் போகலாம், விலகவும் செய்யலாம். கொடுத்த நேரத்துக்குள் எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் நீங்கள் ஊரில் இருங்கள், முடியாவிட்டால் போனிலாவது கூட இருங்கள். நடுவில் உள்ள "ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்" என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பணம் கட்டுவதற்கு முன்

பொதுத்தேர்வு முடியும் முன்பே பிள்ளைகளின் போன் நம்பர்கள் எப்படியோ வெளியே போய்விடுகின்றன. "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு, இன்னைக்கே 5000 கட்டி சீட்டை உறுதிப்படுத்துங்க" என்று இனிமையான குரலில் அழைப்பார்கள். இன்றைக்கே என்று யார் சொன்னாலும் அங்கே கட்ட வேண்டாம். பொறியியல், பாலிடெக்னிக் என்றால் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம், பட்டப் படிப்பு என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் என்று கேட்டு, அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், அவர்கள் காட்டும் பிரேம் போட்ட சான்றிதழைப் பார்த்து நம்ப வேண்டாம். ஊருக்கு ஊர் கட்டடத்தில் போர்டு மாட்டி ஆறு மாத நர்சிங், ஒரு வருட நர்சிங் என்று நடத்துகிறார்கள். முடித்து வரும் பெண் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, தனியார் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்தில் காலமெல்லாம் கிடக்க வேண்டியதுதான். என் சொந்தத்திலேயே ஒரு தங்கை அப்படி இரண்டு வருடம் இழந்தாள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லூரிக்கு நேரில் போங்கள், வேலைநாளில் போங்கள். வரவேற்பறையோடு திரும்பாமல் கேன்டீன் பக்கம் நிற்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேசுங்கள். எத்தனை பேர் நிஜமாக வேலைக்குப் போனார்கள், பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பதை அவர்கள்தான் உள்ளபடி சொல்வார்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதி. பணம் போதவில்லை என்றால் கந்துவட்டிக்குப் போகும் முன் கல்விக் கடனுக்கு வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பிக்க வையுங்கள், 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை.

மதிப்பெண் குறைந்த வீட்டுக்கு முதலில் போங்கள்

ரிசல்ட் அன்று நல்ல மதிப்பெண் வாங்கிய வீட்டுக்குப் போக நூறு பேர் இருப்பார்கள். நீங்கள் தேறாத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள், காலையிலேயே போங்கள். "பரவாயில்ல" என்ற சொல்லைவிட "துணைத்தேர்வுக்கு என்னைக்குக் கடைசித் தேதின்னு பாத்துட்டேன், நாளைக்குப் பள்ளிக்கூடம் போய்ப் பணம் கட்டிடுவோம்" என்ற பேச்சு அந்தப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தும். துணைத்தேர்வில் தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம், பொறியியலுக்கே துணைக் கலந்தாய்வு நடக்கிறது. அந்த இரண்டு மூன்று நாள் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று வீட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் போன் செய்து மார்க் கேட்டால் அம்மாவே எடுத்துப் பேசிவிட்டு வைக்கட்டும். பிள்ளை ரொம்ப ஒடுங்கிப்போயிருந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் பேச வையுங்கள், படிப்பு பற்றிய சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளையின் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

சேர்ந்த பிறகும் ஆறு மாதம்

பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் நம் வேலை முடியவில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும், யாரிடமும் சொல்லாது. விடுதிச் சாப்பாடு பிடிக்காது, கூடப் படிப்பவர்களின் உடையையும் போனையும் பார்த்துக் கூசும். பாதியில் ஊருக்குத் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்து எல்லோருமே தீபாவளி லீவுக்கு வந்தவர்கள்தான், லீவு முடிந்து திரும்பிப் போகவில்லை. அதனால் சேர்ந்த வாரமே அதே கல்லூரியில் நம் பக்கத்து ஊர்ப் பிள்ளை சீனியராக இருக்கிறதா என்று விசாரித்து நம்பர் வாங்கிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை போன் போட்டு, நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்காமல், இந்த வாரம் எந்தப் பாடம் புரியவில்லை என்று கேளுங்கள். தீபாவளி லீவு முடிகிற நாள் எது என்று இப்போதே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நீங்களே ஏற்றி அனுப்புங்கள்.